முதல் பெரிய ஏர்சாஃப்ட் முகாம்: வாசகர் கேள்வி-பதில்

ஆகஸ்ட் கடைசி வாரத்து வங்கி விடுமுறையை ஒட்டி பிரிட்டனில் பெரிய ஏர்சாஃப்ட் முகாம்கள் நடக்கும். தென் இங்கிலாந்தில் ரிங்வுட் அருகே காட்டில் நடத்தப்படும் நேஷனல் ஏர்சாஃப்ட் ஃபெஸ்டிவல் அவற்றில் பேர்போனது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் பழகிவிட்டு முதல்முறையாகக் கூடாரத்தோடு கிளம்புகிறவர்களும், அவர்களை வழியனுப்பும் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மதுரை வாசகி: லெஸ்டரில் படிக்கும் என் மகன் மூன்று நாள் ஏர்சாஃப்ட் முகாமுக்குப் போகிறானாம். துப்பாக்கி, காடு, கூடாரம் என்கிறான். அடிபடுமா? அவனிடம் நான் என்ன கேட்பது?

ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் காற்றழுத்தத்தால் தள்ளும் துப்பாக்கியை வைத்து ஆடும் ஆட்டம் அது. நிஜத் துப்பாக்கிக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள ஜப்பானில் 1970களில் தொடங்கி மற்ற நாடுகளுக்குப் பரவியது. பெயின்ட்பாலில் சாயம் தெறித்துக் காட்டிக்கொடுக்கும். இதில் எந்த அடையாளமும் விழாது. குண்டு பட்டவரே கையைத் தூக்கி "ஹிட்" என்று சொல்லி விலக வேண்டும். தோலில் பட்டால் சுள்ளென்று வலிக்கும், சிவந்த புள்ளி இரண்டு மூன்று நாள் இருக்கும். அவ்வளவுதான்.

நிஜமான ஆபத்து கண்ணுக்கு. அடுத்து பல்லுக்கு. அதற்கடுத்து, மரவேரில் இடறும் கணுக்காலுக்கு. மூன்று நாள் முகாமில் இவற்றோடு குளிர், தூக்கமின்மை, தண்ணீர் குடிக்க மறப்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகவே கேட்க வேண்டியவை இவைதான்: கண்ணாடியில் என்ன முத்திரை இருக்கிறது, பல்லை எது மறைக்கிறது, பூட்ஸ் பழகியதா புதிதா, ஸ்லீப்பிங் பேக் எத்தனை டிகிரிக்கு ஆனது. ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் அதையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் ஒரு அட்டையில் எழுதி மேல்சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். துப்பாக்கி என்ன மாடல் என்று கேட்கவே வேண்டாம். கேட்காமலே அரை மணி நேரம் சொல்வான்.

ஈஸ்ட் ஹாம் வாசகர்: கையில் 400 பவுண்டு இருக்கிறது. நல்ல துப்பாக்கி ஒன்று வாங்கினால் மொத்தமும் தீர்ந்துவிடும். வாங்கலாமா?

வேண்டாம். முதல் பெரிய முகாமைப் பாதியில் விட்டுத் திரும்புகிறவர்களில் துப்பாக்கி சரியில்லை என்று திரும்புகிறவர்கள் குறைவு. கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியாமல், குதிகால் கொப்புளத்தோடு, இரவெல்லாம் நடுங்கிவிட்டு, சனிக்கிழமை மதியமே காரைக் கிளப்புகிறவர்கள்தான் அதிகம். துப்பாக்கி பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பணத்தைக் கண்ணாடி, பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்கும் பாய் என்ற வரிசையில் செலவிடுங்கள். மிச்சமிருந்தால் ஒரு சாதாரண மின்சாரத் துப்பாக்கி வாங்கலாம். ஏ.இ.ஜி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருந்தால் முகாமுக்கு முந்தின மாதம் அதைப் பிரித்து மேம்படுத்தப் போகாதீர்கள். புது ஸ்பிரிங், புது மோட்டார் எல்லாம் பழைய கியரைத் தின்பது முதல் ஆயிரம் குண்டுகளுக்குள்தான். அந்த ஆயிரம் குண்டும் முகாமில் போய்த் தீரக் கூடாது.

டூட்டிங் வாசகர்: இதுவரை இரண்டு முறை ஆடியிருக்கிறேன். கடையில் கறுப்புத் துப்பாக்கி தர மறுக்கிறார்கள், பாதி நீல நிறத்தில் இருப்பதைத்தான் தருவார்களாம். ஏன்?

2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டப்படி, நிஜத் துப்பாக்கி போலவே தோன்றும் போலியை விற்பது குற்றம். ஏர்சாஃப்ட் ஆட்டக்காரருக்கு விற்றதாகக் காட்ட முடிந்தால் கடைக்காரருக்கு அது சட்டப்படியான எதிர்வாதம். அதைக் காட்ட வணிகர்கள் ஏற்படுத்திக்கொண்ட பதிவுமுறைதான் 'உகாரா'. காப்பீடுள்ள ஒரே மைதானத்தில் குறைந்தது மூன்று ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். முதல் ஆட்டத்துக்கும் மூன்றாவதற்கும் இடையே 56 நாளுக்குக் குறையக் கூடாது. பிறகு மைதானமே உங்கள் பெயரைப் பதிவுக்கு அனுப்பும். 18 வயது நிரம்பாதவருக்கு எந்தப் போலித் துப்பாக்கியும் விற்க முடியாது, நிறம் எதுவானாலும்.

ஜூலை கடைசியில் முதல் ஆட்டம் ஆடிவிட்டு ஆகஸ்ட் முகாமுக்குக் கறுப்புத் துப்பாக்கி வாங்க நினைத்தால் நாள் கணக்கு ஒத்துவராது. பளிச்சென்ற நிறம் பூசியது சுடுவதில் கறுப்புக்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை. காட்டில் கொஞ்சம் கண்ணில் படும், அவ்வளவே.

பொது இடத்தில் நியாயமான காரணமின்றிப் போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். முகாமுக்குப் போவது நியாயமான காரணம்தான். ஆனால் அது பூட்டிய பையில், காரின் டிக்கியில் இருக்கும்போதுதான் அந்தக் காரணம் எடுபடும். நெடுஞ்சாலை சர்வீஸ் நிறுத்தத்தில் நண்பருக்குக் காட்டப் பையைத் திறக்காதீர்கள். ரயிலில் போனால் உருமறைப்பு உடையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மைதானத்தில் மாற்றுங்கள். நுழைவுச் சீட்டின் அச்சுப் பிரதி ஒன்று பையிலேயே இருக்கட்டும்.

குரோய்டன் வாசகி: கண் பாதுகாப்புக்கு வேலைத்தளக் கண்ணாடி போதும் என்கிறார் ஒருவர். 'முழுக் கூகுள்ஸ்தான், ஆனால் ஆவி படியும்' என்கிறார் இன்னொருவர். 'கம்பி வலைதான் சரி' என்கிறார் மூன்றாமவர். நான் மூக்குக்கண்ணாடி அணிபவள்.

மூவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. முத்திரையிலிருந்து தொடங்குவோம். ஐரோப்பிய இ.என். 166 தரத்தில், கண்ணாடியின் மீது 0.86 கிராம் எடையும் 6 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட எஃகுக் குண்டை எறிந்து சோதிப்பார்கள். 'எஃப்' முத்திரை என்றால் விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தைத் தாங்கியது என்று பொருள். கணக்குப் போட்டால் 0.87 ஜூல். 'பி' முத்திரை 120 மீட்டருக்கு, அதாவது 6 ஜூலுக்குச் சற்று மேல். பிரிட்டிஷ் மைதானங்களில் மின்சாரத் துப்பாக்கிக்கான வழக்கமான உச்சவரம்பு 1.14 ஜூல். மூக்குக்கண்ணாடி வடிவில் வரும் வேலைத்தளக் கண்ணாடிகளுக்கு அதிகபட்சம் கிடைப்பது 'எஃப்'. தூரத்திலிருந்து வரும் குண்டு வேகமிழந்திருக்கும் என்பது சரிதான். ஆனால் புதர் மறைவில் எதிராளி இரண்டு மீட்டரில் நிற்கக்கூடும். அதனால் எங்கள் பரிந்துரை 'பி' முத்திரையுள்ள, முகத்தோடு முழுக்க ஒட்டும் கூகுள்ஸ். முத்திரை லென்ஸிலும் சட்டத்திலும் தனித்தனியே இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

சாதாரண மூக்குக்கண்ணாடியை மட்டும் அணிந்து ஆடவே கூடாது. உங்களுக்கு மூன்று வழி. மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே போடும் அகலமான கூகுள்ஸ். அல்லது உள்ளே பொருத்தும் பவர் சட்டம். அல்லது ஒரு நாள் அணிந்துவிட்டு எறியும் கான்டாக்ட் லென்ஸ். முகாமில் கை கழுவ வசதி குறைவு என்பதால் மாத லென்ஸ் வேண்டாம். கண்ணில் தொற்று வரும்.

ஆவி படிவது ஏன்? உங்கள் மூச்சிலும் வியர்வையிலும் உள்ள ஈரம், வெளிக்காற்றில் குளிர்ந்த லென்ஸின் உட்புறத்தில் படிகிறது. இரட்டை லென்ஸ் கொண்ட 'தெர்மல்' வகையில் உள் லென்ஸ் குளிராததால் படிவது வெகுவாகக் குறையும். ஆவி தடுக்கும் திரவத்தை முந்தின இரவே பூசிக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது உட்புறத்தைத் துணியால் தேய்த்தால் பூச்சு போய்விடும்; ஒற்றி எடுங்கள். வாயை மூடும் மாஸ்க் மூச்சை மேல்நோக்கித் திருப்பினாலும் ஆவி படியும். மாஸ்க்கின் மேல் விளிம்புக்கும் கூகுள்ஸின் அடிக்கும் இடையே காற்று போக வழி இருக்கிறதா என்று வீட்டிலேயே மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். தலையை மூடிய கம்பளித் தொப்பி கூகுள்ஸின் மேல் காற்றுத்துளைகளை அடைப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கம்பி வலையில் ஆவி படியவே படியாது. ஆனால் மட்டமான குண்டு வலையில் மோதி உடைந்தால் துண்டுகள் உள்ளே வரலாம். மழைக்காலத்தில் சேறும் வரும். பல்லுக்கு வலை வைத்த கீழ் மாஸ்க் நன்று, கண்ணுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம்.

இனி ஒரே விதி. ஆடுகளத்துக்குள் எக்காரணம் கொண்டும் கூகுள்ஸைத் தூக்கக் கூடாது. எதுவும் தெரியவில்லை என்றால் ஆட்டத்தை மேற்பார்க்கும் மார்ஷலைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்தாவது பாதுகாப்பு எல்லைக்குள் வந்து துடையுங்கள். மூன்று நாளுக்கு இரண்டு கூகுள்ஸ் கொண்டுபோவது ஆடம்பரமல்ல.

ஸ்லவ் வாசகர்: என் துப்பாக்கி 350 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு 350 அடி) காட்டுகிறது. குண்டின் வேகத்தை அளக்கும் 'க்ரோனோ' சோதனையில் பிரச்சினை வருமா?

எந்த எடைக் குண்டில் 350 என்று சொல்லவில்லையே. 0.20 கிராம் குண்டில் 350 என்றால் 1.14 ஜூல், பெரும்பாலான மைதானங்களில் சரியாக வரம்பின் விளிம்பிலேயே நிற்கிறீர்கள். காலையில் 348 காட்டியது பிற்பகல் வெயிலில் 353 காட்டினால் ஓரங்கட்டப்படுவீர்கள். 330 முதல் 340க்குள் வைத்துக்கொண்டால் மூன்று நாளும் நிம்மதி.

0.28 கிராம் குண்டில் 350 என்றால் கதையே வேறு. அது 1.59 ஜூல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடர்ச்சியாகச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் உச்சவரம்பு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5. அதைத் தாண்டினால் அது விளையாட்டுச் சாமானாகக் கருதப்படாது. 0.28 கிராமில் 1.14 ஜூலுக்கு ஈடான வேகம் 296 எஃப்.பி.எஸ். மட்டுமே. காஸ் துப்பாக்கியிலும் அழுத்தக் காற்றுத் துப்பாக்கியிலும் எடை கூடிய குண்டு குழாய்க்குள் அதிக நேரம் தள்ளப்படுவதால் ஆற்றல் கூடவும் செய்யும். அதனால்தான் ஆடப்போகும் எடையிலேயே அளக்கச் சொல்கிறார்கள். ஹாப்-அப்பையும் (ஒரு ரப்பரால் குண்டைப் பின்சுழல வைத்துத் தூரம் போகச் செய்யும் அமைப்பு) ஆடப்போகும் நிலையில் வைத்தே அளவுக்குக் கொடுங்கள்.

மிட்சம் வாசகர்: எத்தனை குண்டு கொண்டுபோவது? எந்த எடை?

காட்டு ஆட்டத்துக்கு 0.28. காற்று 0.20ஐ அள்ளிக்கொண்டு போய்விடும், இலை தடுத்தாலே திசை மாறும். 0.25 பரவாயில்லை. ஒரு கிலோ பையில் 0.25 என்றால் 4,000 குண்டு, 0.28 என்றால் ஏறத்தாழ 3,570. ஒவ்வொன்றாகச் சுடுகிறவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் தாராளம். ஆக, மூன்று நாளுக்கு ஒரு கிலோ. விசையை விடாமல் அழுத்துகிறவர் என்றால் இரண்டு. ராணுவ நடவடிக்கை போல நடித்து ஆடும் மில்சிம் வகை முகாமில் ஒருவர் சுமக்கும் குண்டுக்கே வரம்பு உண்டு. விதித்தாளைப் படித்துவிட்டு, குண்டு அடைக்கும் மேகசின் வாங்குங்கள். 120 குண்டு பிடிக்கும் மிட்-கேப் மேகசின் எட்டு இருந்தால் பெரும்பாலான முகாமுக்குப் போதும். சாவி கொடுக்கும் ஹை-கேப்பில் 300க்கு மேல் பிடிக்கும், ஆனால் ஓடும்போது கிலுகிலுப்பை போலச் சத்தம் போட்டு நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

மட்கும் குண்டு மட்டுமே அனுமதி என்று பல மைதானங்கள் சொல்கின்றன. அந்த வகை ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பிய குண்டு குழாயில் சிக்கும். திறந்த பையைக் கூடாரத்தில் போட்டு வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வையுங்கள். முகாம் முடிந்ததும் மேகசினில் மிச்சமுள்ளவற்றைக் காலி செய்துவிடுங்கள். கீழே விழுந்த குண்டைப் பொறுக்கிப் போடவே போடாதீர்கள். ஒரு மணல் துகள் போதும், ஹாப் ரப்பரைக் கீறிவிடும்.

எடையை மாற்றினால் ஹாப்-அப்பையும் மாற்ற வேண்டும். குண்டு கடைசியில் மேலெழும்பினால் அதிகம், சட்டென்று சரிந்தால் குறைவு. 40 மீட்டர் வரை கிடையாகப் போகும் வரை திருகுங்கள். குளிர்ந்த காலையில் ரப்பர் விறைத்திருக்கும். பத்துக் குண்டு சுட்டுவிட்டுப் பிறகு சரிசெய்யுங்கள்.

பர்மிங்காம் வாசகர்: கூடாரத்தில் மின்சாரம் இல்லை. லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி எத்தனை வேண்டும்? எப்படி சார்ஜ் செய்வது?

ஒரு மில்லியாம்பியர்-மணிக்கு ஒரு குண்டு என்பது ஆட்டக்காரர்களின் உத்தேசக் கணக்கு. 7.4 வோல்ட், 1300 மில்லியாம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஒரு நாளைத் தாங்கும். நாளுக்கு ஒன்று, உபரியாக ஒன்று: மூன்று நாளுக்கு நான்கு. எல்லாவற்றையும் வீட்டில் நிரப்பிக்கொண்டு போனால் முகாமில் சார்ஜரே தேவைப்படாது. இதுதான் சிறந்த வழி. 11.1 வோல்ட் பேட்டரி வேகமாகச் சுடும், ஆனால் உங்கள் கியர்பாக்ஸ் அதற்கென்று கட்டப்படாவிட்டால் இரண்டாம் நாள் பற்சக்கரம் மொட்டையாகும்.

லைப்போவில் ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும். மறுபடி சார்ஜ் செய்யும்போது வீங்கி, தீப்பிடிக்கவும் கூடும். துப்பாக்கி சுடுவது மந்தமாகும் வரை காத்திருக்காதீர்கள், அப்போதே காலம் கடந்திருக்கும். பேட்டரியின் பேலன்ஸ் பிளக்கில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்க உதவும் சிறு பிளக்) செருகும் சிறிய எச்சரிக்கைக் கருவி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்து, இடைவேளைகளில் செருகிப் பாருங்கள். செல்லுக்கு 3.5 வோல்ட் காட்டினால் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

சார்ஜ் செய்தே தீர வேண்டுமென்றால் காரின் 12 வோல்ட்டில் இயங்கும் பேலன்ஸ் சார்ஜரை உபயோகியுங்கள். 1300க்கு 1.3 ஆம்பியர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பேட்டரியைத் தீப்பிடிக்காத பைக்குள் வைத்து, திறந்த வெளியில், கண் பார்வையில் செய்யுங்கள். கூடாரத்துக்குள் வேண்டாம், தூங்கும்போது அறவே வேண்டாம். வீங்கியதையும் உறை கிழிந்ததையும் கொண்டுவரவே வேண்டாம்.

ஐரோப்பிய முகாமுக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு: உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடிய நிலையில். 7.4 வோல்ட், 1300 மில்லியாம்பியர்-மணி பேட்டரி 10 வாட்-மணிக்கும் குறைவு, அதனால் 100 வாட்-மணி வரம்பு தடையாக இராது. காஸ் குப்பியை எந்தப் பெட்டியிலும் ஏற்ற முடியாது. போய் இறங்கி வாங்குங்கள்.

லீட்ஸ் வாசகர்: என் காஸ் பிஸ்டல் மதியம் நன்றாகச் சுடுகிறது, இரவில் பாதி மேகசினிலேயே 'புஸ்' என்று ஓய்ந்துவிடுகிறது. பழுதா?

பழுதில்லை. 'கிரீன் காஸ்' என்பது சிறிது சிலிகான் எண்ணெய் கலந்த புரோப்பேன். அதன் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் எட்டு பாருக்குச் சற்று மேல். 10 டிகிரியில் ஆறரை பாருக்கும் கீழ். போதாததற்கு, திரவம் ஆவியாகும்போது மேகசினின் சூட்டையே உறிஞ்சிக்கொள்ளும். விறுவிறுவென்று சுட்டால் மேகசின் மேலும் குளிர்ந்து அழுத்தம் மேலும் விழும். மேகசினைச் சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள், விட்டுவிட்டுச் சுடுங்கள். அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டிச் சூடாக்காதீர்கள். திரும்பியதும் முழுக்கக் காலி செய்யாமல் சிறிது காஸ் விட்டு வைத்தால் சீல் ரப்பர் உலராது.

ஹாரோ வாசகர்: நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். மகன் ராணுவ உடுப்பும் துப்பாக்கியுமாகக் கூடத்தில் நின்றதைக் கண்டு நடுங்கிப்போனார். மகனுடைய விளையாட்டை நிறுத்தச் சொல்ல மனமில்லை. என்ன செய்யலாம்?

வீட்டுக்குள் அந்தச் சாமான்கள் கண்ணில் படாமல் இருக்க வழி இருக்கிறது. துப்பாக்கி எப்போதும் பூட்டிய பெட்டியில், முடிந்தால் கராஜில். உடுப்பை வீட்டில் போட்டுப் பார்ப்பதில்லை, மைதானத்தில்தான் மாற்றுவது. துவைத்ததைப் பின்கட்டுக் கொடியில் காயப்போடாமல் தன் அறைக்குள். வெறும் துப்பாக்கியை இயக்கிப் பார்க்கும் மோட்டார் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். அதையும் வெளியே வைத்துக்கொள்ளலாம். படங்களைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட வேண்டாம். இவ்வளவையும் மகன் கட்டாயத்துக்காக அல்லாமல், அப்பம்மா எதைப் பார்த்தவர் என்று தெரிந்து செய்ய வேண்டுமென்றால், நீங்கள்தான் அவனிடம் பேச வேண்டும். ஜன்னலோரம் துப்பாக்கி தெரிந்தால் அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிடுவார்கள். அந்த வகையிலும் இந்தப் பழக்கம் நல்லது.

முகாமைத் தேர்ந்தெடுப்பதிலும் வேறுபாடு உண்டு. திருவிழா வகையில் கொடி பிடிப்பது, இடம் பிடிப்பது என்று ஆட்டம் மேலோங்கும், இரவில் பாட்டும் கடைகளும் இருக்கும். மில்சிமில் கைதி பிடிப்பது, சோதனைச் சாவடி, விசாரணை எல்லாம் நடிப்பாக வரும். சில நிஜப் போர்களையே கதைக்களமாக எடுத்துக்கொள்ளும். முதல் முகாமுக்குத் திருவிழா வகையே எங்கள் தேர்வு, எல்லா வீட்டுக்கும்.

லூட்டன் வாசகர்: சாப்பாடும் தண்ணீரும்? கட்டுச்சோறு தாங்குமா?

புளியோதரை முதல் நாளுக்குத் தாங்கும். தயிர்சாதம் காரின் சூட்டில் மதியத்துக்குள் புளித்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து சப்பாத்தி-ஊறுகாய், அவல், கடலை மிட்டாய், பேரீச்சை, வெந்நீர் ஊற்றினால் ஆகிற உப்புமா கலவை. மதியம் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, கையில் பிடித்துத் தின்னக்கூடியதைப் பையில் போடுங்கள். கார் அருகே நிற்க விட்டால் ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கில் தண்ணீர்க் கேன் கொண்டுபோங்கள். முதுகில் மூன்று லிட்டர் பை. தாகம் எடுக்கும் வரை பொறுக்காதீர்கள். சிறுநீர் மஞ்சள் கூடினால் குடிப்பது போதவில்லை.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு எச்சரிக்கை. ஊரிலிருந்து வந்த பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. பிரிட்டிஷ் மருந்துக்கடையில் கிடைக்கும் டயோரலைட் 200 மில்லிக்கானது. ஊர்ப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு ஐந்து மடங்காகும், வாந்திதான் வரும்.

நாட்டிங்காம் வாசகி: கோடைதானே, லேசான போர்வை போதாதா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

போதாது. ஆகஸ்ட் கடைசியில் திறந்த காட்டில் இரவு பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும், விடியும்போது பனி ஈரம் எல்லாவற்றையும் நனைக்கும். ஸ்லீப்பிங் பேக்கில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்' என்று இரண்டு எண் இருக்கும். கடையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் லிமிட். கம்ஃபர்ட் 5 டிகிரி உள்ளதாகப் பாருங்கள். தரையிலிருந்து ஏறும் குளிர் மேலிருந்து வருவதைவிட மோசம். காற்றடைத்த பாயோ ஃபோம் பாயோ அவசியம். படுக்கும்போது பகலில் போட்ட வியர்வைச் சட்டையைக் கழற்றிவிட்டு முழுக்க உலர்ந்ததைப் போடுங்கள். காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கூடாரத்தில் பாட்டு எப்போது நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பூட்ஸ் குறைந்தது மூன்று வாரம் தினமும் நடந்து பழகியதாக இருக்கட்டும். நாளுக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, மதியம் மாற்றியே ஆக வேண்டும். குதிகால் எரிய ஆரம்பித்த உடனே டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை.

கார்டிஃப் வாசகர்: சுட்டது பட்டது நன்றாகத் தெரிந்தும் சிலர் 'ஹிட்' சொல்வதில்லை. என்ன செய்வது?

முதலில் அது ஏமாற்றுதானா என்று பாருங்கள். ஐம்பது மீட்டர் தாண்டி வரும் குண்டு வேகம் செத்திருக்கும். முதுகுப்பையிலோ மேகசின் உறையிலோ பட்டால் தெரியவே தெரியாது. பட்டதாக உங்களுக்குத் தோன்றுவது பல நேரம் முன்னாலுள்ள இலையில் பட்டதாக இருக்கும். மறுபடி சுடுங்கள், முகத்தைக் குறிவைக்காமல். தொடர்ந்தால் மார்ஷலிடம் அவருடைய அணிக் கைப்பட்டை நிறத்தையும் இடத்தையும் சொல்லிவிட்டு உங்கள் ஆட்டத்தைப் பாருங்கள். நீங்கள் பட்டால் சத்தமாகச் சொல்லி, குண்டு பட்டதைக் காட்டும் சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் தூக்குங்கள். அந்தத் துணி எளிதில் எடுக்கும் பையில் இருக்கட்டும். அதைத் தேடும் பத்து விநாடியில் இன்னும் நாலு குண்டு படும்.

ஓல்டாம் வாசகர்: உதிரிச் சாமான் என்னென்ன?

1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஆலன் சாவிகள், குழாய் துடைக்கும் கம்பி, உங்கள் துப்பாக்கிக்குரிய ஃப்யூஸ் இரண்டு, ஒரு ஹாப் ரப்பர், சிலிகான் எண்ணெய், அகலமான டேப், தலையில் மாட்டும் சிவப்பு விளக்கு. துருப்போக்கும் ஸ்ப்ரேயை ஹாப் ரப்பர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். கியர்பாக்ஸைக் கூடாரத்தில் பிரிக்க முயல வேண்டாம்; ஒரு சின்ன ஸ்பிரிங் புல்லுக்குள் பறந்தால் ஆட்டம் முடிந்தது.

ரெடிங் வாசகி: திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

குளிக்கும்போது உண்ணி இருக்கிறதா என்று உடம்பைத் தடவிப் பாருங்கள்: அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம், தலைமுடிக்குள். ரிங்வுட்டை ஒட்டிய நியூ ஃபாரஸ்ட் பகுதி உண்ணிக்குப் பேர்போனது. கசகசா அளவுதான் இருக்கும். மெல்லிய முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். நசுக்காதீர்கள், எண்ணெய் வைக்காதீர்கள், நெருப்புக் காட்டாதீர்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவினால் போதும். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு படர்ந்தாலோ காரணமின்றிக் காய்ச்சல் வந்தாலோ குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் போய், காட்டில் தங்கியதைச் சொல்லுங்கள். உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்க்கு ஆன்டிபயாடிக் உண்டு. சிவப்பு தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம், அதனால் போய் வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். அன்றே விரித்துக் காயப்போடுங்கள். பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திச் சேமியுங்கள். சார்ஜரில் அதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்ற தேர்வு இருக்கும். துப்பாக்கியிலிருந்து மேகசினைக் கழற்றி, ஒற்றைச் சுடும் நிலையில் இரண்டு முறை வெறுமனே சுட்டால் குழாயில் தங்கிய குண்டும் வெளியேறும், ஸ்பிரிங்கும் தளரும். இதைச் செய்து முடிக்கும் வரை கூகுள்ஸைக் கழற்றாதீர்கள்.